ஒரு லட்சம் ரூபாய்க்குப் பிறகு நான் படித்த நான்கு பக்கங்கள்

2023 ஜூலையில் நான் என்கோர் தேர்வில் தோற்றேன். நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்பி சான்றிதழுக்கான முதன்மைத் தேர்வு அது. மதிப்பெண் அறிக்கையை இரவுப் பணியின் இடைவேளையில், அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து கைபேசியில் திறந்தேன். உள்கட்டமைப்பு 72 சதவீதம், பாதுகாப்பு 55, நெட்வொர்க் கண்காணிப்பு 50, வடிவமைப்பு 47, மெய்நிகராக்கம் (ஒரே கருவியை மென்பொருளால் பலவாகப் பிரித்து நடத்துவது) 40, தானியக்கம் (கருவிகளை நிரல் மூலம் இயக்குவது) 27. ஒன்பது ஆண்டுகளாக நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் வேலை செய்கிறேன். நள்ளிரவில் ஒரு வங்கியின் இணைப்பு அறுந்தால் எந்த ரூட்டரில் எதைப் பார்க்க வேண்டும் என்று யோசிக்காமலே கை போகும். அப்படிப்பட்ட எனக்கு 27 என்ற எண் வந்திருந்தது. அழுகை வரவில்லை. இதற்காகச் செலவழித்த பணத்தை மனத்துக்குள் கூட்டிப் பார்த்தேன், அப்போதுதான் கை நடுங்கியது.

அந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி நிலையத்துக்கு 35,000. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கருவிகளுக்கு 21,500. பழைய பாடநூல்கள் மூன்றுக்கு 1,800. இரண்டு காணொளிப் பாடங்களுக்கு 1,100. ஒரு வினா வங்கிக்கு 3,500. தேர்வுக் கட்டணம் 400 டாலர். 18 சதவீத வரியையும் சேர்த்தால் அப்போதைய மதிப்பில் ஏறத்தாழ 39,000 ரூபாய். மொத்தம் 1,01,900. பாதிக்கு மேல் சீட்டு எடுத்த பணம். மகளைப் பள்ளியில் சேர்ப்பதற்காகக் கட்டி வந்த சீட்டு அது. கணவரிடம், "ஆறு மாதத்தில் தேர்வு முடிந்துவிடும், சம்பளம் உயரும், திருப்பி வைத்துவிடுகிறேன்" என்று சொல்லி எடுத்தேன். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தோற்ற பிறகும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தேர்வு கடினம் என்பது உண்மை. ஆனால் நான் தோற்றதற்குத் தேர்வின் கடினம் காரணம் அல்ல என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். படிக்கத் தொடங்கும் முன் நான் வாங்கிக் குவித்தவைதான் என்னைத் தோற்கடித்தன. எனவே எதை வாங்கினேன், ஏன் வாங்கினேன், எங்கே ஏமாந்தேன் என்பதை வரிசையாகவே எழுதுகிறேன்.

முதலில் தேர்வைப் பற்றிச் சில வரிகள். சிஸ்கோவின் சிசிஎன்பி சான்றிதழ் 2020 பிப்ரவரி 24 அன்று முழுவதுமாக மாறியது. அதற்கு முன்பு ரூட், ஸ்விட்ச், டிஷூட் என்று மூன்று தேர்வுகள் இருந்தன. இப்போது சிசிஎன்பி என்டர்பிரைஸ் வேண்டுமென்றால் இரண்டு தேர்வுகள் எழுத வேண்டும். ஒன்று 350-401 என்ற எண் கொண்ட என்கோர், 120 நிமிடம். மற்றொன்று நாம் விரும்பித் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் தேர்வு, 90 நிமிடம். எனக்குத் தெரிந்தவர்கள் பலர் தேர்ந்தெடுப்பது 300-410 என்ற எனார்சி. இந்த எண்களை இங்கே எழுதக் காரணம் உண்டு. நான் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டியபோது தேர்வின் எண்ணை ஒரு முறைகூடக் கேட்கவில்லை. விளம்பரத் தாளில் "சிசிஎன்பி முழுமையான பயிற்சி" என்று இருந்தது, அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன்.

2022 அக்டோபரில் வார இறுதி வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியர் கெட்டிக்காரர், பொறுமையானவர், அவர் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் அவர் நடத்தியது பழைய மூன்று தேர்வுகளின் பாடம். ரூட்டர்கள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் ரூட்டிங் நெறிமுறைகளில் ஒன்றான இஐஜிஆர்பி மட்டுமே நான்கு வார இறுதிகளைத் தின்றது. ஒரு ரூட்டிங் நெறிமுறையிலிருந்து இன்னொன்றுக்கு வழித்தடங்களை மாற்றி ஏற்றுவதற்கு மூன்று வார இறுதிகள். வயர்லெஸுக்கு ஒரு மணி நேரம். தானியக்கம் பற்றிக் கேட்டால், "தேர்வுக்கு முன்பு ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில். அந்த ஒரு நாள் வரவே இல்லை. 2023 பிப்ரவரியில் வகுப்பு முடிந்தது. இஐஜிஆர்பியை நான் கரைத்துக் குடித்திருந்தேன். என்கோர் தேர்வின் பட்டியலில் இஐஜிஆர்பி பற்றி இருப்பது ஒரே வரி, அதையும் ஓஎஸ்பிஎஃப் என்ற இன்னொரு ரூட்டிங் நெறிமுறையுடன் ஒப்பிடத் தெரிந்தால் போதும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பயிற்சி நிலையத்தில் சேர நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எந்தத் தேர்வு எண்ணுக்கு நடத்துகிறீர்கள் என்பது முதலாவது. வயர்லெஸ், எஸ்டி-ஆக்சஸ் (மென்பொருளால் நிர்வகிக்கும் அலுவலக நெட்வொர்க்), எஸ்டி-வேன் (அதே முறையில் கிளைகளை இணைப்பது), தானியக்கம் ஆகியவற்றுக்கு எத்தனை வகுப்புகள், அவை எந்தத் தேதிகளில் என்பது இரண்டாவது. வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் லேபில் நுழைந்து நானே பயிற்சி செய்ய முடியுமா என்பது மூன்றாவது. தேதி போட்ட அட்டவணையைத் தாளில் தரத் தயங்குகிற இடத்தில் பணம் கட்டாதீர்கள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று எனக்கு அன்று தோன்றியது. 35,000 ரூபாய் கட்டுகிறவருக்கு அதைக் கேட்கும் உரிமை முழுமையாக உண்டு.

வகுப்பில் ஒருவர் சொன்னார், வீட்டில் நிஜக் கருவிகள் இல்லாமல் சிசிஎன்பி வராது என்று. அடுத்த சனிக்கிழமையே ரிச்சி தெருவுக்குப் போய்விட்டேன். 2811 ரூட்டர் இரண்டு, தலா 5,000. 3560 ஸ்விட்ச் இரண்டு, தலா 4,500. கன்சோல் கேபிள், மின்கம்பி, மற்றவை சேர்த்து 2,500. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது எனக்கிருந்த பெருமையை மறக்க முடியாது. அன்றிரவு மின்சாரம் கொடுத்ததும் நான்கு விசிறிகளும் ஒரே நேரத்தில் சுழன்ற சத்தத்தில் மகள் விழித்து அழுதாள். ஒரே படுக்கையறை கொண்ட வீடு எங்களுடையது. பகலில் அவள் பள்ளிக்குப் போன பிறகுதான் அவற்றைப் போட முடிந்தது, அந்த நேரம் நான் இரவுப் பணி முடித்துத் தூங்க வேண்டிய நேரம்.

சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த ரூட்டரில் ஓடுவது சிஸ்கோவின் இயக்க மென்பொருளான ஐஓஎஸ் 15. நிரல் மூலம் கருவியை அமைக்க உதவும், தேர்வு கேட்கிற ரெஸ்ட்கான்ஃப் அதில் கிடையாது, அதற்குப் புதிய வகையான ஐஓஎஸ் எக்ஸ்இ வேண்டும். வயர்லெஸ் கன்ட்ரோலர் இல்லை. எஸ்டி-வேன் பக்கம் போகவே முடியாது. ஓஎஸ்பிஎஃப், நிறுவனங்களுக்கிடையே வழி சொல்லும் பிஜிபி, ஒரே ரூட்டரைப் பலவாகப் பிரிக்கும் விஆர்எஃப், ஒரு நெட்வொர்க்கின் மேல் இன்னொரு பாதை போடும் ஜிஆர்இ சுரங்கம் ஆகியவற்றை அந்தப் பெட்டிகளில் நன்றாகவே பழகலாம், அதில் குறையில்லை. ஆனால் அவை அனைத்தையும் ஒரு நல்ல மேசைக்கணினியில் மென்பொருளாக ஓட்ட முடியும்போது 21,500 ரூபாயை இரும்பில் போட்டதற்கு நியாயமே இல்லை. கேபிள் செருகும் பழக்கம் இல்லாத புதியவர்களுக்கு, அதாவது சிசிஎன்பிக்கு முந்தைய படியான சிசிஎன்ஏ நிலையில் இருப்பவர்களுக்கு, ஒரு பழைய ஸ்விட்ச் நன்மை செய்யும். அதற்கு மேல் போகிறவர்கள் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

காணொளிகளைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. இரண்டு பாடங்கள், சேர்த்து அறுபது மணி நேரத்துக்கு மேல். நிறுவனப் பஸ்ஸில் போகவர ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் பச்சை நிறக் குறி விழும்போது ஒரு நிறைவு வரும். மார்ச் மாதம் எல்லாக் குறிகளும் பச்சையாகிவிட்டன. ஆனால் ஒரு வெற்று ரூட்டரின் முன் உட்கார்ந்தபோது பிஜிபி அண்டை ரூட்டரைச் சேர்க்கும் கட்டளை தவிர வேறெதுவும் கையில் வரவில்லை. அதுவும் வேலையில் தினமும் செய்வது என்பதால் வந்தது. பார்த்துப் புரிவதும் செய்யத் தெரிவதும் வேறு வேறு என்று பாட்டி சமையலறையில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முப்பது வயதுக்கு மேல், பணம் கட்டி, அதை மறுபடி கற்றுக்கொண்டேன்.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். இரவு இரண்டு மணிக்குப் பணி ஓய்ந்திருக்கும்போது நான் திரும்பத் திரும்ப ஓடவிட்டது ரூட்டிங் பகுதிகளைத்தான். அவை எனக்குப் புரிந்தவை. கேட்கக் கேட்க நம்பிக்கை ஏறும். வயர்லெஸ் பகுதியைத் திறந்தால் பத்தாவது நிமிடம் மனம் சோர்ந்துவிடும், மூடிவிட்டு இஐஜிஆர்பிக்குத் திரும்புவேன். அதாவது நான் தேர்ந்தெடுத்த பாடங்கள் எல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததை எனக்கே சொல்லி என்னைத் தட்டிக்கொடுத்தவை. அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். புதிதாக வருகிறவருக்கு எல்லாமே தெரியாது, எனவே எல்லாவற்றையும் படிப்பார். நமக்கோ பிடித்த அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கத் தோன்றும்.

ஒரு காணொளிப் பாடத்தை வாங்கும் முன் இலவசமாகத் திறந்திருக்கும் பகுதிகளில் உங்களுக்கு மிகவும் தெரியாத தலைப்பைத் தேடிப் பாருங்கள். தெரிந்த தலைப்பைப் பார்த்தால் எல்லா ஆசிரியரும் நல்லவராகத்தான் தெரிவார்கள். ஆசிரியர் படங்களை மட்டும் காட்டிப் பேசுகிறாரா, கட்டளைகளைத் தட்டச்சு செய்கிறாரா என்று கவனியுங்கள். தவறு நேர்ந்தால் அதை வெட்டி எறியாமல், ஏன் நேர்ந்தது என்று நம் கண்முன்னே தேடுகிற ஆசிரியர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். எனக்கு அந்த ஐந்து நிமிடத் தேடல்கள் முழுப் பாடத்தைவிட அதிகம் கற்றுக்கொடுத்தன.

அடுத்தது வினா வங்கி. இதை மறைத்தால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. மே மாதம் ஒரு வாட்ஸ்அப் எண்ணிலிருந்து செய்தி வந்தது: என்கோர் பயிற்சி வினாக்கள், விடைகளுடன், 3,500 ரூபாய். மாதிரித் தேர்வு என்று நம்பித்தான் பணம் அனுப்பினேன். கோப்பைத் திறந்து இருபது வினா படித்ததும் புரிந்துவிட்டது, இவை தேர்வு அறையிலிருந்து களவாடி வந்தவை என்று. அப்போதே மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. இரண்டு வாரம் வைத்துப் படித்தேன். பயம் அப்படிச் செய்ய வைத்தது, அதற்காக வருந்துகிறேன்.

அந்தக் கோப்பிலிருந்து நான் தப்பியது ஒரு ஓஎஸ்பிஎஃப் வினாவால். இரண்டு ரூட்டர்கள் எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே, அதாவது தகவல் பரிமாற்றம் தொடங்கும் கட்டத்திலேயே, நின்றுவிட்டால் காரணம் என்ன என்று கேட்டு, ஹலோ நேரம் (அண்டை ரூட்டருக்கு "இருக்கிறேன்" என்று செய்தி அனுப்பும் இடைவெளி) பொருந்தாததே என்று விடை போட்டிருந்தார்கள். எனக்கு உறுத்தியது. ரிச்சி தெரு ரூட்டர்களைப் போட்டு ஒரு பக்கம் ஹலோ நேரத்தை மாற்றினேன். நாற்பது நொடியில் அண்டை ரூட்டரே பட்டியலிலிருந்து மறைந்துவிட்டது, எக்ஸ்ஸ்டார்ட் வரை வரவே இல்லை. அதைப் பழையபடி வைத்துவிட்டு ஒரு பக்கம் மட்டும் எம்டியு மதிப்பை (ஒரே பாக்கெட்டில் அனுப்பக்கூடிய அதிகபட்ச பைட்டுகள்) 1400 ஆக்கி, உறவை மீண்டும் தொடங்கினேன். அப்போது எக்ஸ்ஸ்டார்டில் நின்றது. விடை தவறு. பிறகு எனக்கு நன்றாகத் தெரிந்த பத்து வினாக்களை எடுத்துச் சோதித்தேன், மூன்றில் விடை தவறு. எனக்குத் தெரியாத தலைப்புகளில் எத்தனை தவறுகளை மனப்பாடம் செய்திருப்பேன் என்று நினைத்தபோது வயிறு கலங்கியது. அன்றே அழித்தேன். சிஸ்கோ தேர்வு எழுதும் ஒவ்வொருவரும் வினாக்களை வெளியிட மாட்டேன் என்ற ஒப்பந்தத்தை ஏற்ற பிறகே திரையில் முதல் வினா வரும். மீறினால் சான்றிதழ் பறிபோகும், மீண்டும் எழுதத் தடையும் வரலாம். நானும் தேர்வில் என்ன வந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை.

நல்ல மாதிரித் தேர்வுக்கு ஒரு அடையாளம் உண்டு. சரியான விடை ஏன் சரி என்பதோடு, மற்ற மூன்றும் ஏன் தவறு என்றும் அது சொல்லும். சிஸ்கோ பிரஸ் வெளியிடும் அதிகாரபூர்வ வழிகாட்டி நூலோடு பயிற்சித் தேர்வு மென்பொருளுக்கான குறியீடு ஒன்று வருகிறது, அதுவே பெருமளவு போதுமானது. அந்த நூலைப் பழைய புத்தகமாக வாங்கினால் குறியீட்டை முந்தைய உரிமையாளர் பயன்படுத்தியிருப்பார். மலிவாகக் கிடைக்கிறது என்று அவசரப்பட வேண்டாம்.

இந்த நிலையில்தான் ஜூலையில் தேர்வுக்குப் போனேன். சிஸ்கோ தேர்வில் ஒரு வினாவைக் கடந்துவிட்டால் திரும்பிப் போக முடியாது. செய்முறை வினா ஒன்றில் இருபத்தைந்து நிமிடம் சிக்கிக்கொண்டேன். மீதி நேரத்தில் ஓடினேன். வெளியே வந்ததும் என் மனம் சொன்னது, ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம் என்று விதி இருக்கிறதே, உடனே பதிவு செய் என்று. இன்னொரு 39,000 இருந்திருந்தால் செய்திருப்பேன். இல்லாமல் போனது நல்லதாயிற்று.

எங்கள் அலுவலகத்தில் வேறு குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். முந்தைய ஆண்டு முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற்றவர். அவரிடம் மதிப்பெண் அறிக்கையைக் காட்டி, "எந்தப் புத்தகம் படித்தீர்கள் அக்கா?" என்று கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லாமல், "தலைப்புப் பட்டியலை எத்தனை முறை படித்தாய்?" என்றார். எந்தப் பட்டியல் என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் கணினியில் சிஸ்கோ தளத்தைத் திறந்து, அச்சு எடுத்துக் கொடுத்தார். நான்கு பக்கம். இலவசம். ஒரு லட்சம் ரூபாய் செலவழித்த பிறகு அந்த நான்கு பக்கத்தை முதன்முறையாகப் பார்த்தேன்.

அதில் ஆறு பிரிவுகளுக்கும் எடை போட்டிருக்கிறது. வடிவமைப்பு 15 சதவீதம், மெய்நிகராக்கம் 10, உள்கட்டமைப்பு 30, கண்காணிப்பு 10, பாதுகாப்பு 20, தானியக்கம் 15. என் ஒன்பது மாதத்தில் முக்கால் பங்கு உள்கட்டமைப்பில் போயிருந்தது, அதிலும் ரூட்டிங் என்ற ஒரு மூலையில். அக்கா இன்னொன்றைக் காட்டினார், இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். பெரும்பாலான தலைப்புகள் ஒரு வினைச்சொல்லோடு தொடங்குகின்றன. விவரி. ஒப்பிடு. பொருள்கொள். அமைத்துச் சரிபார். உருவாக்கு. பழுதைக் கண்டுபிடி. அந்த வினைச்சொல் நாம் எதை வாங்க வேண்டும், எதை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறது.

உதாரணமாக, லிஸ்ப், விஎக்ஸ்லேன் என்ற இரண்டு மெய்நிகராக்க நெறிமுறைகளுக்கும் "விவரி" என்று இருக்கிறது. இதற்கு லேப் தேவையில்லை. எஸ்டி-ஆக்சஸில் கட்டுப்பாட்டுத் தளம் லிஸ்ப், தரவுத் தளம் விஎக்ஸ்லேன், கொள்கைத் தளம் டிரஸ்ட்செக் என்று ஒரு படம் வரைந்து, ஒரு பாக்கெட் எப்படிப் போகிறது என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தால் போதும். நூலில் ஒரு அத்தியாயமும் சிஸ்கோ லைவ் மாநாட்டின் ஒரு இலவச உரையும் எனக்குப் போதுமானதாக இருந்தன. விஆர்எஃப், ஜிஆர்இ, ஐபிசெக் (மறைகுறியாக்கம்) ஆகியவற்றுக்கு "அமைத்துச் சரிபார்" என்று இருக்கிறது. இங்கே காணொளி பார்ப்பது வீண், விரல்கள் பழக வேண்டும். பைத்தானுக்கு "பொருள்கொள்" என்றுதான் இருக்கிறது. 27 மதிப்பெண்ணைக் கண்டு மிரண்டு நாற்பது மணி நேரப் பைத்தான் பாடம் ஒன்றை வாங்கத் தயாராகியிருந்தேன். இந்த ஒரு சொல் என்னைத் தடுத்தது. பிறர் எழுதிய சிறு நிரலைப் படித்து என்ன செய்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவே. ஆனால் ஜேசன் என்ற தரவு வடிவக் கோப்புக்கும், ரூட்டருக்குள்ளேயே தானாக ஓடும் சிறு நிரலான இஇஎம் ஆப்லெட்டுக்கும் "உருவாக்கு" என்று போட்டிருக்கிறது. அவற்றைக் கையால் எழுதிப் பழகினேன். ஒரு காற்புள்ளி விடுபட்டாலும் ஜேசன் செல்லாது என்பதை நூறு முறை எழுதித்தான் கண்ணுக்குப் பழக்க முடிந்தது.

வயர்லெஸை நான் எப்படித் தாண்டினேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரூட்டிங் பக்கமிருந்து வருகிறவர்களில் என்னைப் போல் விழுகிறவர்கள் இருப்பார்கள். 3 டெசிபல் கூடினால் திறன் இரண்டு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, 20 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு) என்றால் 100 மில்லிவாட், 17 என்றால் 50 என்று பஸ்ஸில் கணக்குப் போட்டுக்கொண்டே வருவேன். அஞ்சி மூடி வைத்த அத்தியாயம் ஒரு வாரத்தில் வசமானது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது, கூடவே வருத்தமும் வந்தது.

அக்கா தன் வழிகாட்டி நூலை இரவல் தந்தார், ஏறத்தாழ ஆயிரம் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள் நான். ஆங்கிலத்தில் ஆயிரம் பக்கம் என்றால் இன்றும் மலைப்புத்தான். ஒவ்வொரு பகுதியையும் படித்ததும் நூலை மூடிவிட்டு, எனக்குப் புரிந்ததைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதினேன். விஆர்எஃப் பற்றி இப்படி எழுதியிருக்கிறேன்: "ஒரே வீடு, இரண்டு சமையலறை. இரண்டிலும் உப்பு டப்பா ஒரே அலமாரியில் இருக்கலாம், ஒன்று மற்றொன்றோடு கலக்காது." 10.1.1.0/24 என்ற ஒரே முகவரித் தொகுதி இரண்டு விஆர்எஃபில் எப்படி மோதாமல் இருக்கிறது என்பது எனக்கு அப்படித்தான் விளங்கியது. கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டேன், தேர்வு ஆங்கிலத்தில் என்பதால்.

நடுவில் ஒரு குழப்பம் வந்தது. 2023 செப்டம்பர் 20 முதல் தேர்வு 1.1 பதிப்புக்கு மாறியது. புதிய நூல் வரும்வரை காத்திருக்கலாமா என்று ஒரு வாரம் தவித்தேன். அக்கா இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறிய வரிகளுக்கு மட்டும் கோடு போடச் சொன்னார். ஒரு மாலையில் முடிந்தது. மாற்றம் சில வரிகள்தான். கொள்கை வழி ரூட்டிங்கை விவரிக்க வேண்டும் என்பது போலப் புதிதாக வந்தவற்றுக்கு சிஸ்கோவின் இலவச அமைப்பு வழிகாட்டிகளையே படித்துக்கொண்டேன். பழைய நூல் என்றாலே குப்பை என்று நினைக்கவும் கூடாது. ஓஎஸ்பிஎஃப் இரண்டாம் பதிப்பின் அடிப்படை ஆவணமான ஆர்எஃப்சி 2328 வெளிவந்தது 1998ல், அந்தப் பகுதியை எந்த ஆண்டு நூலில் படித்தாலும் படிக்கலாம். தானியக்கமும் எஸ்டி-வேனும் அப்படியல்ல. சிஸ்கோவின் நெட்வொர்க் நிர்வாக மென்பொருளான டிஎன்ஏ சென்டரின் பெயரே கேட்டலிஸ்ட் சென்டர் என்று மாறிவிட்டது. எந்தப் பகுதி வேகமாகப் பழசாகிறதோ அதற்குத்தான் புதிய நூலுக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

லேபுக்கு, கருவிகளைக் கணினியில் மென்பொருளாக ஓட்டும் சிஸ்கோ மாடலிங் லேப்ஸின் தனிநபர் உரிமம் எடுத்தேன். ஆண்டுக்கு 199 டாலர், அப்போது வரி நீங்கலாக ஏறத்தாழ 16,500 ரூபாய். இருபது கருவிகள் வரை ஓட்டலாம், ரூட்டர் மென்பொருள்கள் அதிலேயே முறையாகக் கிடைக்கின்றன. இதே வேலையைச் செய்யும் ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி சமூகப் பதிப்பு இரண்டும் இலவசம்தான். ஆனால் சிஸ்கோ மென்பொருளை நாமே எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும், அந்தத் தேடல் நேர்மையான இடத்தில் முடிவதில்லை. இப்போது மாடலிங் லேப்ஸிலேயே ஐந்து கருவிகளுக்கான இலவசப் பதிப்பு வந்திருக்கிறது. என்கோர் பட்டியலில் "அமைத்துச் சரிபார்" என்று தொடங்கும் வரிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே போதும். நான் தேர்வு எழுதியபோது அது இருந்திருந்தால் அந்தப் பணமும் மிஞ்சியிருக்கும். பழைய மேசைக்கணினியில் நினைவகத்தை 32 ஜிபி ஆக்க 5,000 ஆனது. நிஜமான கேட்டலிஸ்ட் சென்டரைத் தொட்டுப் பார்க்க சிஸ்கோவின் இணையவழிப் பயிற்சிக் களமான டெவ்நெட் சாண்ட்பாக்ஸ் இருக்கிறது, ஒரு கணக்கு மட்டும் தொடங்கினால் போதும்.

என் நோட்டில் மூன்று பத்திகள் போட்டேன். முதலாவதில் பட்டியலின் வரி. இரண்டாவதில் அதற்கு ஒரே ஒரு பாடம், அதற்கு மேல் எழுதக் கூடாது என்று விதி. மூன்றாவதில், எதையும் பார்க்காமல் செய்ய முடிந்த தேதி. மூன்றாவது பத்தி காலியாக இருக்கும்வரை இரண்டாவது பத்தியில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. புதிய பாடம் வாங்குவது படிப்பது போலவே ஒரு திருப்தியைத் தருகிறது, அதிலிருந்து என்னைக் காத்தது இந்த விதிதான்.

2024 பிப்ரவரியில் மறுபடி எழுதினேன். தேர்ச்சி. தானியக்கம் 80. வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர், "இப்போதாவது நன்றாகத் தூங்கு" என்றார். சீட்டுப் பணத்தை முழுவதுமாகத் திருப்பி வைக்க இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ரிச்சி தெருப் பெட்டிகள் நான்கையும் கல்லூரி முடித்து சிசிஎன்ஏ படிக்கும் அண்ணன் மகனுக்குக் கொடுத்துவிட்டேன், அவன் வீட்டில் மாடி அறை காலியாக இருக்கிறது.

இனி எனார்சி. அதன் பட்டியலை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். முதல் பிரிவிலேயே இஐஜிஆர்பி வருகிறது, இந்த முறை "பழுதைக் கண்டுபிடி" என்ற சொல்லோடு. பரணில் போட்டிருந்த பயிற்சி நிலைய நோட்டுகளை இறக்கித் தூசி தட்டி வைத்திருக்கிறேன். வேறெதையும் இன்னும் வாங்கவில்லை.